ஆவடியில் மஃப்ளர் போட்ட வெள்ளைக்காரன்

1

இந்த மாதத்தோடு நான் இங்கிலாந்துக்கு வந்து பத்து வருஷம் முடிகிறது. என் மனைவி வசந்தி கேசரி கிளறினாள். என் மகள் நித்யா அதை ஸ்பூனால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, "ஹேப்பி ஆனிவர்சரி, அப்பா" என்று மாடிக்குப் போய்விட்டாள். எதற்கான ஆனிவர்சரி என்று அவளுக்குத் தெரியாது. கல்யாண நாள் என்று நினைத்திருப்பாள்.

ஊரில் இருக்கும் நண்பர்கள் எல்லாக் கடிதத்திலும் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள்: 'அங்கே சனி ஞாயிறு என்னதான்டா செய்வே?' இத்தனை நாள் மழுப்பிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை பத்து மணிக்கு, மாதாகோயிலுக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் ஐந்து கிழவர்களோடு உட்கார்ந்து, செத்துப்போன ரயில் எஞ்சின்களை அடையாளம் காட்டிக்கொண்டிருப்பேன்.

சிரிக்காதீர்கள். இந்த நாட்டில் ரயில் பைத்தியம் ஒரு கௌரவமான வியாதி. வாலிபத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்து படம் எடுப்பார்கள். எல்லாவற்றையும் ஷூ டப்பாவில் போட்டு வைத்துவிட்டுச் செத்துப்போவார்கள். படத்தின் பின்னால் ஒரு எழுத்து இருக்காது. மகன்காரன் டப்பாவைக் கொண்டுவந்து எங்கள் மேஜையில் வைத்துவிட்டு, முதுகுப் பாரம் இறங்கினமாதிரி போய்விடுவான். எந்த எஞ்சின், எந்த இடம் என்று நாங்கள் கண்டுபிடித்துப் பென்சிலால் எழுத வேண்டும்.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் சக்கரத்தை எண்ண வேண்டும். பிறகு எஞ்சினின் மூஞ்சியில் எத்தனை விளக்கு, எந்த இடத்தில் என்று பார்க்க வேண்டும். இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்று என்றால் எக்ஸ்பிரஸ். உச்சியில் ஒன்றே ஒன்று என்றால் பாசஞ்சர். அப்புறம் பின்னால் தெரியும் வீட்டுப் புகைபோக்கி, மலை முகடு, நிழல் விழும் பக்கம். எங்கள் கூட்டத்தின் தலைவர் டெரெக், எழுபது தாண்டியவர், ரிட்டயரான சிக்னல்மேன், என் பக்கத்து வீட்டுக்காரர். ஒரு மதில் சுவரின் செங்கல்லைப் பூதக்கண்ணாடியில் பார்த்தே ஊர் சொல்வார்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் எட்டு வருஷம் டிராப்ட்ஸ்மேனாக இருந்தவன். இங்கேயும் அதே வேலைதான். ஆக, கண் கொஞ்சம் பழகியது. முதல் சனிக்கிழமை ஒரு படத்தைப் பார்த்து, "எங்க ஊர்க் கைகாட்டி மாதிரி இதுவும் கீழே சாய்ஞ்சிருக்கே" என்று சும்மா சொன்னேன். டெரெக் மேஜையைத் தட்டினார். இந்த நாட்டில் பெரும்பாலும் கைகாட்டியின் கை மேலேதான் தூக்குமாம். கீழே சாய்ந்தால் அது மேற்குப் பக்கத்துப் பாதை. மூன்று வாரமாக அவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த படம் அது. அன்றிலிருந்து எனக்கு அங்கே ஒரு மரியாதை.

அந்த மரியாதைதான் என்னைக் கெடுத்தது.

2

போன வருஷம் நவம்பரில் எட்னா என்று ஓர் அம்மையார் வந்தார். எண்பதுக்கு மேல் வயது. இங்கே எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு அது வாயில் வராது. அவரிடம் பேசும்போதெல்லாம் "எட்னா" என்று சொல்லி, அப்புறம் வாய்க்குள்ளேயே ஒரு "அம்மா" சேர்த்து விழுங்கிவிடுவேன்.

கைப்பையிலிருந்து ஒரே ஒரு படம் எடுத்தார். தபால் கார்டில் பாதி அளவு. ஓர் எஞ்சினின் பெரிய சக்கரம், ஏறும் படி, பின்னால் ஒரு சுவர். அவ்வளவுதான். முன்னால் ஓர் இளைஞன், கழுத்தில் கோடு போட்ட மஃப்ளர், வாயைத் திறந்து யாரிடமோ எதையோ சொல்லிச் சிரிக்கிறான். வாய்ப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கறை.

"என் தம்பி ஆர்தர். இது எங்கே எடுத்தது?" என்றார்.

மெதுவாகக் கதை வந்தது. ஆர்தர் எஞ்சினில் கரி தள்ளுகிறவன். எட்னா கட்டிக்கொண்ட ஆளை அவனுக்குப் பிடிக்கவில்லை. கல்யாணத்துக்கு வரவில்லை. யுத்தம் வந்தது. பட்டாளத்தின் ரயில் பிரிவில் சேர்ந்து கப்பலேறப் போகிறவன், எந்த ரயிலில் கிளம்புகிறேன் என்று அக்காவுக்குச் சீட்டு எழுதி அனுப்பினான். அக்கா வழியனுப்பப் போகவில்லை. ரோஷம். மூன்று வாரம் கழித்து ரோஷம் தீர்ந்தது. ஒரு மஃப்ளர் பின்னிப் பட்டாளத்துத் தபாலில் அனுப்பினார். எந்தத் தேசத்துக்குப் போகிறோம் என்று சிப்பாய்கள் சொல்லக் கூடாத காலம். குளிர்ப் பிரதேசம் என்று இவராக நினைத்துக்கொண்டார். பதில் இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் ஒரு முகாமில் காய்ச்சலில் செத்துப்போனான் என்று தந்திதான் வந்தது. அப்புறம் அவன் சாமான்கள் வந்தன. மஃப்ளர் அதில் இல்லை. இந்தப் படம் இருந்தது.

"இது இந்தியாவில் எடுத்த படம் என்றால், கழுத்தில் இருப்பது நான் அனுப்பியது. அவனுக்குக் கிடைத்துவிட்டது. போட்டுக்கொண்டும் இருக்கிறான். இங்கேயே எடுத்தது என்றால், அது எங்கள் அம்மா பின்னிக் கொடுத்த பழையது. எனக்குப் பின்னல் சொல்லிக்கொடுத்ததே அம்மாதான். இரண்டிலும் ஒரே கோடு. இந்த அளவுப் படத்தில் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை."

ஐந்து கிழவர்களும் படத்தைக் கைமாற்றிப் பார்த்தார்கள். பிறகு ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீங்கள் அந்தப் பக்கத்துக்காரர்தானே?" என்றார் டெரெக்.

வெளியே நாலு டிகிரி, எனக்கு அக்குளில் அருவி. நம்ம பக்கத்துச் சுபாவம் உங்களுக்குத் தெரியும். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாப்பில் நின்று யாரிடம் வழி கேட்டாலும் "தெரியாது" என்று ஒருத்தன் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? தெரியாது என்று சொன்னால் கேட்டவனை அவமானப்படுத்தின மாதிரி. "இப்டிக்கா போய் லெப்ட்டுல ஒடி" என்று கையை நீட்டுவான். அந்த லெப்ட்டில் சாக்கடை இருக்கும். அதற்கு அவன் பொறுப்பில்லை. உபசாரம் செய்தாயிற்று. அந்த ரத்தம்தானே எனக்கும்.

"ஆவடி" என்றேன்.

சொன்னதும் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. யுத்த காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் அங்கே முகாம் போட்டிருந்தது உண்மை. நான் வளர்ந்த டேங்க் பேக்டரி குவார்ட்டர்ஸுக்குப் பின்னாலேயே அந்தக் காலத்துத் தகரக் கொட்டகைகள் நின்றன. சைடிங், அதாவது வண்டி ஒதுக்கி நிறுத்தும் பக்கத் தண்டவாளம், உண்டு. சுவர் உண்டு. வேறென்ன வேண்டும்?

கூட்டத்தில் ஒருவர் மட்டும் மெல்ல, "இந்தியாவில் மஃப்ளரா?" என்றார்.

நான் பொங்கிவிட்டேன். "டிசம்பரில் ஆவடிக் குளிர் உங்களுக்குத் தெரியாது! என் அப்பா ஆறு மணி ஷிப்டுக்குச் சைக்கிளில் போவார். கழுத்தில் மஃப்ளர், தலையில் குல்லா, காதில் பஞ்சு. அவர் மட்டுமில்லை, டேங்க் பேக்டரி ரோடு முழுக்கச் சைக்கிள், அத்தனை கழுத்திலும் மஃப்ளர்!"

அது பொய்யில்லை, சத்தியம். மார்கழி பிறந்தால் எங்கள் குவார்ட்டர்ஸில் பல் தேய்க்கிறவன்கூட மஃப்ளரோடுதான் தேய்ப்பான். அந்தக் குளிர் எத்தனை டிகிரி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இருபது என்று சொல்லியிருப்பேன். இருபது டிகிரியில் இந்த ஊர்க்காரன் சட்டையைக் கழற்றிவிட்டுப் புல்லில் படுப்பான். அது எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை. இத்தனை வருஷம் இங்கே குப்பை கொட்டியும், மஃப்ளரைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது மார்கழிதான்.

எட்னா பேனாவால், பென்சிலால் அல்ல, படத்தின் பின்னால் 'ஆவடி' என்று எழுதிக்கொண்டார். எழுத்துக்கூட்டிச் சொன்னவன் நான்.

3

டிசம்பரில் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு ஊருக்கு வந்தேன். எட்னா படத்தையே என்னிடம் கொடுத்து அனுப்பினார். அதே இடத்தைப் படம் எடுத்துவர முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். வேறென்ன சொல்வேன்?

என் பள்ளிக்கூடத் தோழன் சேகர் அம்பத்தூரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறான். முதலில் அவனிடம் போனேன்.

"இன்னா மச்சான், லண்டன்ல இருந்து வந்துகினு கீறேன்னு ஒரு கார்டு போடக்கூடாது?"

"லண்டன் இல்லைடா."

"எல்லாம் லண்டன்தான், உக்காரு. இன்னாது இது, வெள்ளக்காரன் படம்?"

கதையைச் சொன்னேன். நாலு அங்குலப் படத்தைப் பெரிசாக்கி ஒரு பிரேம் போட்டுத் தரச் சொன்னேன். "கெய்வி அய்வணும், அப்டிப் பண்ணித் தர்றேன் பாரு," என்றான்.

பிறகு இருவரும் அவன் ஸ்கூட்டரில் ஆவடி போய் இடத்தைத் தேடினோம். டீக்கடையில் படத்தைக் காட்டினோம். பெஞ்சில் இருந்தவர் இரண்டு விநாடி பார்த்தார். "இது பட்டாபிராம் சைடிங்குபா. எங்க மாமா அங்கதான் வேல பாத்தாரு." பக்கத்தில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தவர், "பட்டாபிராமா? கண்ணு தெரீல உனுக்கு? வில்லிவாக்கம் இது. செவுரு பாரு, வில்லிவாக்கம் செவுரு," என்றார். இருவருக்கும் சண்டை வந்து, டீக்கடைக்காரர் பூந்தமல்லி ஆட்டோக்காரர் ஒருவரைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைத்தார்.

ஆட்டோக்காரர் படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார். "செம்பரம்பாக்கம், சார்."

"அங்கே ரயிலே கிடையாதே அண்ணே?" என்றேன்.

"இப்ப இல்ல. அப்ப இருந்துச்சு. ஏரிக்குள்ள பூட்ச்சு."

மூன்று பேர், மூன்று ஊர். ஒருத்தர் வாயிலும் "தெரியாது" இல்லை. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். எதிரில் மூன்று கண்ணாடிகளை வைத்து, என் மூஞ்சியையே மூன்று தடவை காட்டினமாதிரி இருந்தது. "இன்னாத்துக்கு மச்சான் இப்டி வேர்க்குது உனுக்கு?" என்றான் சேகர்.

கடைசியில் லெவல் கிராஸிங் பக்கம் ஒரு பழைய சுவரைக் கண்டுபிடித்தோம். அதற்கு முன்னால் சேகரை நிற்கவைத்தேன். படம் எடுக்கும்போது காக்கிச்சட்டை போட்ட ஒருவர் ஓடிவந்து, இங்கே படம் எடுக்கக் கூடாது, எழுத்தில் அனுமதி வாங்கிவாருங்கள் என்றார். யாரிடம் வாங்க வேண்டும் என்று கேட்டேன். அவரும் நம்ம ஊர்க்காரர்தானே. தயங்காமல் கையை ஒரு பக்கம் நீட்டினார். அந்தப் பக்கம் ஒரு டயர் கடை இருந்தது.

கிளம்புகிற அன்று சேகர் பிரேம் போட்ட படத்தைக் கொடுத்தான். ஆர்தர் பளபளவென்று இருந்தான். கிருதாவில் ஒரு திருத்தம். கன்னத்தில் இருந்த பரு போயிருந்தது.

"மூஞ்சிகிட்ட ஒரு வெள்ளக் கற இருந்துச்சு பாரு, அத்தயும் பிரஷ்ல எட்த்துட்டேன். ஆளு இன்னா ஷோக்கா கீறான் பாரு மச்சான்!"

கல்யாணப் படமானாலும் கருமாதிப் படமானாலும் முகத்தைத் துடைத்துச் சுத்தம் செய்யாமல் நம்ம ஸ்டூடியோக்காரன் வெளியே விடமாட்டான். நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

4

எட்னா அதற்குள் முதியோர் இல்லத்துக்கு மாறியிருந்தார். நேரே அங்கே போய்க் கொடுத்தேன். பிரேமை மடியில் வைத்துக்கொண்டு, அதன் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தார். சேகர் நிற்கும் படத்தையும் பார்த்தார். மூலையில் ஓர் ஆடு இருந்தது. "ஆர்தருக்கு ஆடு பிடிக்கும்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐம்பது வருஷமாக அவன் என்மேல் கோபத்தோடு செத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

மூன்று நாள் நான் தரையில் நடக்கவில்லை. நாலாம் நாள் காலை பஸ் ஸ்டாப்பில் நின்றேன். ஜனவரி. புல்லெல்லாம் உப்புத் தூவினமாதிரி வெள்ளை. பக்கத்தில் நின்றவர் குட்மார்னிங் சொன்னார். நானும் சொன்னேன். இரண்டு பேர் வாயிலிருந்தும் ஆவி புறப்பட்டு, முகத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைத் திட்டாக நின்று கலைந்தது.

பஸ் வந்தது, போனது. கறை இல்லை ஐயா அது. ஆர்தர் விட்ட மூச்சு.

ஆவடியில் நாங்கள் எத்தனை மஃப்ளர் சுற்றினாலும் வாயிலிருந்து ஆவி வந்ததில்லை. சின்னப் பையனாக இருந்தபோது வரவைத்துக் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறேன். ஆர்தரின் அந்த ஆவியைத்தான் சேகர் பிரஷ்ஷால் துடைத்திருந்தான்.

நேரே டெரெக் வீட்டுக்குப் போனேன். எட்னாவின் சின்னப் படம் இன்னும் என் பையிலேயே இருந்தது. அவர் அதைப் பூதக்கண்ணாடியில் ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை.

"மூச்சு, ஆமாம். ஏறும் படியைப் பாருங்கள், நம்ம வடக்குப் பாதை எஞ்சின். சுவரும் இங்கத்தியதுதான்."

"அன்றைக்கே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"ஏன் சொல்லவில்லை?"

டெரெக் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "நீங்கள் அவ்வளவு நிச்சயமாகச் சொன்னீர்கள். உங்கள் ஊர். மறுத்துப் பேசினால் மரியாதையாக இருக்காது."

இந்த இரண்டு சுபாவத்துக்கும் நடுவில் மாட்டினால் ஒரு மனுஷன் என்ன செய்வான், சொல்லுங்கள். நம்ம ஆள் தெரியாது என்று சொல்லமாட்டான். இவர்கள் தப்பு என்று சொல்லமாட்டார்கள். இரண்டு பேரும் மரியாதைக்காரர்கள். நடுவில் ஒரு கிழவி, பிரேம் போட்ட படத்தோடு.

5

இரண்டு வாரம் எட்னாவைப் பார்க்கப் போகாமலே ஓட்டினேன். சொல்லாமலே இருந்துவிடலாம் என்றாள் வசந்தி. "எண்பது வயசுக்கு மேல அந்தம்மா எதையோ நினைச்சுச் சந்தோஷமா இருக்காங்க. உங்களுக்கு ஏன் அரிப்பு?"

நித்யா மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பதினாலு வயது. அவள் தமிழுக்குக் கை கால் எல்லாம் இடம் மாறித்தான் இருக்கும். "அப்பா, நீங்க பொய் சொன்னே. இப்போ அவங்க கிட்ட உண்மை சொல்லு."

"பொய் இல்லைம்மா. எங்க ஊர்ல அது..."

"எனக்கு உங்க ஊர் தெரியாது" என்றாள்.

அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு மேலே போனாள்.

அடுத்த சனிக்கிழமை முதியோர் இல்லத்துக்குப் போனேன். வாசலில் ஒரு புத்தகத்தில் பெயர், வந்த நேரம், பார்க்க வந்தவருக்கு என்ன உறவு என்று எழுதச் சொன்னார்கள். உறவு என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. நண்பர் என்று எழுதிவிட்டு, எழுதினதற்காக என்னை நானே திட்டிக்கொண்டேன்.

எட்னா ஜன்னலோரம் இருந்தார். படம் கட்டிலுக்கு எதிரே, காலையில் கண் திறந்ததும் தெரிகிற இடத்தில். சாப்பாட்டு மேஜையில் எல்லோருக்கும் ஆவடியைப் பற்றிச் சொல்லியாயிற்று என்றார்.

எனக்குப் பதற்றம் வந்தால் ஜோக் அடிப்பேன். மழையைப் பற்றி ஒன்று, பஸ்ஸைப் பற்றி ஒன்று, வசந்தியின் கேசரியைப் பற்றி ஒன்று. மூன்றாவதற்கு அவர் சிரிக்கவில்லை.

"என்ன விஷயம்?" என்றார்.

சின்னப் படத்தை எடுத்து அவர் கையில் வைத்தேன். பூதக்கண்ணாடியையும் கொடுத்தேன். சொல்லிவிட்டேன். வெள்ளைக் கறையை, சேகரின் பிரஷ்ஷை, டெரெக் பார்த்த படியை, சுவரை. நான் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே இல்லை, வாய்க்கு வந்த ஊரைச் சொன்னேன் என்பதை. மன்னிப்பு என்கிற வார்த்தையை எத்தனை தடவை சொன்னேன் என்று நினைவில்லை.

அவர் கண்ணாடியை ஆர்தரின் வாய்மேல் வைத்தபடியே இருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அழுதாலும் பரவாயில்லை என்று இருந்தது.

"அப்படியானால்," என்றார் கடைசியில், "நான் அனுப்பியது எங்கே போயிற்று?"

இந்தத் தடவை வாயில் எந்த ஊரும் வரவில்லை. கப்பலிலா, தபால் மூட்டையிலா, ஏதாவது ஒரு கிடங்கிலா, இல்லை வேறு யார் கழுத்திலாவதா, ஐம்பது வருஷத்துக்கு முந்திய ஒரு பொட்டலத்தை நான் எங்கே போய்க் கேட்பேன்?

அவர் என்னைப் பார்க்காமல் சொல்லிக்கொண்டு போனார். பழுப்பு நிறம். வெள்ளைக் கோடு ஏழு. ஒரு முனையில், கடைசி வரியில், ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கும். அவசரத்தில் பின்னினது, தபால் மூடுவதற்குள் அனுப்ப வேண்டியிருந்தது. அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தேன். எழுத வேறு காகிதம் இல்லை. பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதினேன்: பழுப்பு, வெள்ளை, ஏழு கோடு, ஒரு கண்ணி.

"நீளம் எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டேன்.

இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஐந்தடி என்று எழுதிக்கொண்டேன்.